காலை இழுத்து நடக்கும் நாய்க்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறதா?

கேள்வி கேட்ட நண்பர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தைச் சேர்ந்தவர். வீட்டு நாய் மணிக்கு 13 வயது. சில மாதங்களாகப் பின்னங்கால்களை இழுத்து நடக்கிறது. கண்ணும் மங்கிவிட்டது. சில இரவுகளில் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. "ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள், அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் மகள் சம்மதிக்கவில்லை. இப்படி வாழ்வது அதற்குச் சித்திரவதையா, விடாமல் வைத்திருப்பது நம் சுயநலமா, இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார். இந்தக் கடற்கரையில் கால்நடை மருத்துவராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வலி வேறு, முடியாமை வேறு. உங்கள் உறவினர்கள் கண்ணில் படுவது முடியாமை. கால் இழுக்கிறது, சுவரில் முட்டுகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது, ஆகவே அது வேதனைப்படுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் கண் சுத்தமாகத் தெரியாத நாய்களும், மூன்றே காலில் ஓடும் நாய்களும், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத நாய்களும் நல்லபடியாக வாழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான்கு காலும் திடமாக இருந்தும் மூட்டு வலியில் நாள்தோறும் நொந்துபோன நாய்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நாய்களைப் பற்றி யாரும் வந்து கேட்பதில்லை. வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

நாய் வலியைச் சத்தம் போட்டுச் சொல்வது அபூர்வம். படுக்கும் முன் பலமுறை சுற்றிச் சுற்றி வந்து தயங்குவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, வெயில் இல்லாதபோதும் இரைப்பது, இரவில் இடம் மாறி மாறிப் படுப்பது, தொட்டால் சட்டென்று திரும்பிக் கடிக்க வருவது, பிடித்த மீனைக்கூட முகர்ந்துவிட்டு விலகுவது போன்றவைதான் வலியின் அடையாளங்கள். மணியிடம் இவை இருந்தால் அதற்கு மருந்து வேண்டும். இல்லையென்றால் அதற்குத் தேவைப்படுவது வேறு. பெரும்பாலும் உங்கள் வீட்டை மாற்றி அமைப்பதுதான்.

மருந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் நமக்கு வாங்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாரசிட்டமால் ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை 2006-இல் அரசு தடை செய்தது. செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி அவை கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாகும். நாய்க்கென்று பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன. எடையும் சிறுநீரகத்தின் நிலையும் பார்த்து மருத்துவர் எழுதித் தரவேண்டும்.

அடுத்து, கால் எப்படி விழுந்தது? கொஞ்சம் கொஞ்சமாகவா, திடீரென்றா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக. அப்படியானால் இடுப்பு மூட்டுத் தேய்மானம், முதுகெலும்பின் இடைவட்டு (டிஸ்க்) பிதுங்குவது, தண்டுவடமே மெல்ல மெல்லத் தேயும் நோய் என்று சில காரணங்கள் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் வலியே இருக்காது. பின்னங்கால் நகங்களைப் பாருங்கள். நடு நகங்களின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் பாதத்தை மடக்கி இழுக்கிறது, அதாவது கோளாறு நரம்பில் என்று பொருள். நகம் ஒழுங்காக இருந்து, எழும்போது மட்டும் திணறி, நாலு எட்டு நடந்ததும் சரியாகிவிட்டால் மூட்டுப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூட்டு என்றால் மருந்தில் நல்ல பலன் தெரியும்.

திடீரென்று விழுந்தால் கதை வேறு. விரலை அழுத்திக் கிள்ளும்போது நாய் காலை இழுத்துக்கொள்கிறதே, உணர்வு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காலை இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் மட்டும்தான். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் வலி மூளைவரை போய்ச் சேர்வதற்கு அடையாளம். அந்த ஆழ்ந்த உணர்வும் போய்விட்டால் முதல் ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் ஓரளவு நம்பிக்கை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நாளைக்குப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கும் நேரம் அல்ல அது.

கரையோர நாய்களுக்கு இன்னொரு திடீர்க் காரணமும் உண்டு. வலையிலிருந்து உதறிப் போடும் பேத்தை மீன், உடம்பைப் பந்து மாதிரி ஊதிக்கொள்ளுமே, அது. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு நரம்பை முடக்கும். சமைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. கண் தெரியாத நாய் மூக்கை மட்டும் நம்பிக் கரையில் மேய்ந்தால் இதில் மாட்டிக்கொள்ளும். மணியைத் தனியாகக் கரைக்கு விடாதீர்கள்.

உண்ணியையும் மறக்கக் கூடாது. நம் பக்கத்து வெப்பத்தில் வருடம் முழுக்க உண்ணி இருக்கிறது. அது பரப்பும் எர்லிகியா காய்ச்சல் மூட்டுகளை வீங்க வைக்கும், விழித்திரையில் ரத்தம் கசியவைத்துப் பார்வையைப் பறிக்கும், நாயை எழுந்திருக்க முடியாமல் போட்டுவிடும். எல்லாமே பார்ப்பதற்கு மூப்பு மாதிரியே இருக்கும். டாக்சிசைக்ளின் மருந்தை 28 நாள் விடாமல் கொடுத்து எழுந்து நடந்த கிழட்டு நாய்கள் நிறைய. அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் "வயசு" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், சொல்பவர் மருத்துவராகவே இருந்தாலும்.

கண் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களின் கண்மணி நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். லென்ஸ் இறுகுவதால் வருவது அது. பார்வை பெருமளவு இருக்கும். பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் கண்புரை. கண் சிவந்து, புடைத்து, நாய் முகத்தைத் தரையில் தேய்த்தால் கண் அழுத்தம்; அது கடுமையான வலி, அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு பஞ்சுத் துணுக்கை முகத்துக்கு முன் சத்தமில்லாமல் போடுங்கள். கண்ணால் தொடர்ந்து பார்த்தால் பார்வை இன்னும் மிச்சமிருக்கிறது.

சரி, இவ்வளவும் பார்த்து, வலிக்கு வழி செய்து, இனி கால் திரும்பாது, கண் திரும்பாது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

நாயின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பின்னங்கால் பலவீனமானதும் அது இன்னும் கொஞ்சம் எடையை முன்னால் தள்ளிக்கொள்கிறது. சில மாதங்களில் தோள் தசை திரண்டுவிடும். கண் விஷயமும் அப்படித்தான். நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திருக்காது, காதும் திறந்திருக்காது. ஏறத்தாழ இரண்டு வாரம் மூக்கையும் தொடுகையையும் வைத்துத்தான் தாயின் மடியைத் தேடிப் பிடிக்கிறது. வயதான காலத்தில் கண்ணும் காதும் முதலில் விடைபெறுகின்றன. மூக்கு பெரும்பாலும் கடைசிவரை கூடவே இருக்கிறது. பிறந்த அன்று தெரிந்த வித்தைக்கு நாய் திரும்பிப் போகிறது. அதனால்தான் நாம் பயப்படும் அளவுக்கு அது தடுமாறுவதில்லை.

தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு படகுக்காரர் வீட்டு நாய் நினைவுக்கு வருகிறது. மீன் வண்டியில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. வீட்டுப் பின்கட்டில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, வாய்க்கு நேராகச் சோறு வைத்தார்கள். எல்லாம் அன்போடுதான். ஆனால் அது சாப்பிடவில்லை. போய்ப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை, புண் இல்லை. அடிபடுவதற்கு முன் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். விடியலில் படகு கரையேறும்போது அங்கே போய் நிற்கும், ஏலம் முடியும்வரை காக்கையையும் மற்ற நாய்களையும் மீன் குவியலை நெருங்க விடாது என்றார்கள். அப்படியானால் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள் என்றேன். மீன் கூடையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரைத்தது, காக்கை பறந்தது. அன்று மதியம் சாப்பிட்டது. அதன் பிறகு வெகுகாலம் இருந்தது. இரண்டு முன்னங்காலால் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து கூடைக்குப் பக்கத்தில் வந்து காத்திருக்கும், ஏற்றிக்கொண்டு போங்கள் என்று.

கடலுக்குப் போக முடியாத பெரியவர்கள் நம் ஊர்களில் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கிறார்கள். நீ சும்மா இரு அப்பா என்று அந்த ஊசியையும் நூலையும் கையிலிருந்து வாங்கிவிட்டால் அவர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒடுங்கிப்போகிறார்கள் என்பது மீனவர் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நாயும் அதே மாதிரிதான். அதன் வேலையைப் பிடுங்காதீர்கள். மணி வாசலில் படுத்து வருகிறவர் போகிறவரைக் கவனித்த நாய் என்றால் அதன் படுக்கை வாசலுக்கே போகட்டும், பின்கட்டுக்கு அல்ல. மகளைப் பள்ளி வாகனம்வரை கொண்டுவிடும் பழக்கம் இருந்ததா? தெருமுனை முடியவில்லையென்றால் வாசற்படிவரை. பாதை குறுகலாம், வேலை இருக்க வேண்டும். இவ்வளவு வருட அனுபவத்தில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இனி வீடு. கண் மங்கிய நாய்க்கு வீடு ஒரு மனப்பாடம். கட்டில், பீரோ, தண்ணீர்ப் பானை எதையும் இடம் மாற்றாதீர்கள். சாப்பாட்டுத் தட்டும் தண்ணீரும் எப்போதும் ஒரே மூலையில். வாசற்படிக்கு முன்னால் தென்னை நார் மிதியடி ஒன்று போட்டால், பாதத்தில் சொரசொரப்பு பட்டதும் படி வருகிறது என்று சில நாளில் கற்றுக்கொள்ளும். உறைகிணறும் தரைத்தொட்டியும் மூடியிருக்க வேண்டும். டைல்ஸ் தரை பின்னங்கால் பலவீனமான நாய்க்கு எதிரி. அது வழக்கமாக நடக்கும் தடத்தில் சணல் சாக்கைத் தைத்து நீளமாக விரித்துவிடுங்கள், செலவே இல்லை. தொடும் முன் பேச வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடும், அதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை. உங்கள் மகள் கொலுசு போடுவாளானால் வீட்டில் கழற்ற வேண்டாம். எங்கே இருக்கிறாள் என்று அதற்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆடிக் காற்று பலமாக வீசும் நாட்களில் கண் தெரியாத நாய்கள் வெளியே குழம்பிப்போவதைக் கவனித்திருக்கிறேன். வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது, காதிலும் இரைச்சல். அந்த நாட்களில் கயிறு பிடித்துத்தான் வெளியே போக வேண்டும்.

காதும் போகலாம். அப்போது கை சைகை. வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை கணிசம். அவற்றை வளர்த்தவர்கள் கையாலும் தரையை மிதிக்கும் அதிர்விலும் பேசித்தான் பழக்கினார்கள். விசைப்படகில் என்ஜின் சத்தத்துக்கு நடுவே கைஜாடையில் தொழில் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மணிக்குக் காது கேட்கும்போதே, கண்ணும் கொஞ்சம் தெரியும்போதே, ஒவ்வொரு சொல்லோடும் ஒரு தொடுகையைச் சேர்த்துப் பழக்குங்கள். தோளில் தட்டினால் வா, நெஞ்சில் கை வைத்தால் நில். பின்னால் உதவும்.

உடம்பைப் பராமரிப்பதுதான் கடினமான வேலை. அதை மென்று விழுங்காமல் சொல்கிறேன். படுத்த இடத்தில் சிறுநீர் கசிகிறது என்றால் சிறுநீர்ப்பை காலியாகிறது என்று அர்த்தமில்லை. நரம்பு பலவீனமான நாய்களில் பை நிரம்பி வழிந்துதான் கசியும். உள்ளே தேங்கிய சிறுநீரில் கிருமி பிடிக்கும். அடிவயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகப் போகிறது என்றால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும்.

குடம் குடமாகத் தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் தினமும் நாயைக் குளிப்பாட்டு என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். தொடை இடுக்கு முடியைக் கத்தரித்துவிடுங்கள். படுக்கைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல பொருள் மணல். ஆழமில்லாத ஒரு தொட்டியில் சலித்த காய்ந்த மணலைப் பரப்பி, மேலே சாக்கு போட்டால் சிறுநீர் கீழே இறங்கிவிடும், உடம்பு ஈரத்தில் கிடக்காது. மணலை அடிக்கடி மாற்றி வெயிலில் கொட்ட வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் தூக்கிப் போட்ட பழைய மெத்தைப் பஞ்சு கிடைத்தால் அதன் மேல் ரப்பர் விரிப்பு போட்டும் செய்யலாம்.

அப்புறம் படுக்கைப் புண். இடுப்பெலும்பு, முழங்கை, கணுக்கால் ஆகிய இடங்களில் முதலில் முடி உதிரும், தோல் சிவக்கும். அப்போதே பிடிக்க வேண்டும். புண்ணில் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டால் கோடைக்காலத்தில் ஒரே இரவில் நிலைமை கைமீறும். தன் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்மணி, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியரிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடும் முறையைக் கற்றுக்கொண்டார். மாமியாரைப் புரட்டிய கையோடு திண்ணையில் கிடந்த நாயையும் புரட்டுவார். அந்த நாயின் உடம்பில் புண் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று, யாரும் யோசிக்காத விஷயம். நிழல் நகரும். காலையில் வேப்ப மர நிழலில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போவீர்கள். பதினொரு மணிக்கு அங்கே வெயில். நகர முடிகிற நாய் எழுந்து போய்விடும். முடியாத நாய் கிடந்து வேகும். வயதான நாய் வெப்பத்தால் சாவது இப்படித்தான். நாள் முழுக்க நிழல் இருக்கும் இடத்தைப் பார்த்துப் படுக்கை போடுங்கள், எட்டும் தூரத்தில் கவிழாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

நடக்க வைக்க வேண்டும். பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ நான்காக மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்துங்கள். தூக்கிச் சுமக்க வேண்டாம், தாங்கினால் போதும். பிவிசி பைப்பும் சின்னச் சக்கரமும் வைத்து வண்டி செய்துகொடுக்க ஊர் பிளம்பரே போதும். ஆனால் வண்டியில் பூட்டிய நாயால் படுக்க முடியாது என்பதை மறந்து மணிக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம்.

கடல் இருக்கிறதே நமக்கு! பெரிய ஊர்களில் காசு கட்டித் தொட்டியில் நாயை நீந்தவிடுகிறார்கள். நாம் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அலை இல்லாத காலத்தில் நெஞ்சளவு நீரில் நாயைத் தாங்கிப் பிடித்தால், எடை தெரியாமல் பின்னங்காலும் தன்னால் அசையும். தரையில் அசையாத கால் தண்ணீரில் மிதிப்பதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் அழுதிருக்கிறார்கள். விடியற்காலையில் போங்கள். அடிவயிற்றிலிருந்து கையை எடுக்கவே கூடாது, கண் தெரியாத நாய்க்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. உடம்பில் புண் இருந்தாலும், நீரில் சொறி (ஜெல்லி மீன்) மிதந்தாலும் வேண்டாம். கடல்நீரைக் குடிக்க விடக் கூடாது. திரும்பி வந்ததும் இரண்டு செம்பு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடலும் முரடாகிவிடும், அப்போது மணலில் நடந்தால் போதும். அலை தொட்டுப் போன ஈர மணல் கெட்டியாகவும் இருக்கும், பாதத்துக்குப் பிடிப்பும் கொடுக்கும். சித்திரை மதியத்துச் சுடுமணல் பாதத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும். உணர்வில்லாத பாதம் என்றால் நாய்க்கே அது தெரியாது.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். கருவாடு வேண்டாம். அதிலிருக்கும் உப்பு வயதான சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஆகாது. முள் எடுத்த வேகவைத்த மீனும் சோறும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டை கொடுக்கலாம். எடை கூட விடாதீர்கள். ஒவ்வொரு கிலோவும் அந்த முன்னங்கால்களின் தலையில்தான் விழுகிறது.

பூனை வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம். கீழக்கரையில் பூனை இல்லாத வீடு குறைவு. பூனை முடியாமையை மறைத்துவிடும். மதில் மேல் தாவிய பூனை தரையிலேயே இருக்கத் தொடங்கினால் சோம்பல் என்று நினைக்காதீர்கள், மூட்டு வலிக்கிறது. முதுகு முடி சிக்குப் பிடித்தால் குனிந்து நக்க முடியவில்லை. அதற்குப் பிடித்த ஜன்னல் திண்டுக்கு இரண்டு மரப்பெட்டியைப் படியாக வைத்தால் பழைய இடத்துக்குப் போய்விடும். பின்னங்கால் திடீரென்று விழுந்து, தொட்டால் சில்லென்று இருந்து, பூனை அலறினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சொல்வதைவிட அவளிடம் ஒரு வேலை கொடுப்பது நல்லது. தண்ணீர்ச் சட்டி அவள் பொறுப்பு, மாலையில் சேலையின் ஒரு முனை அவள் கையில். அவள் சில விஷயங்களைத் தானாகவே பார்ப்பாள். மணி விழுந்த இடத்திலிருந்து எழுந்து, அதே வழியில் போக முடியாவிட்டால் சுவரை ஒட்டி வேறு வழியில் போகும். யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் கிடையாது. உதவி வேண்டுமென்றால் குரல் கொடுக்கும், கிடைத்ததும் வாலாட்டும். கடன்பட்டுவிட்டோம் என்ற கனம் அதன் முகத்தில் இருக்காது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தயங்கித் தயங்கி, தாகத்தை அடக்கிக்கொண்டு, யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று குறுகிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். பாரம் என்ற எண்ணத்தை அவர்களுக்குள் போட்டது நாம்தான், நம் முகச்சுளிப்புதான். சிறுநீர் போய்விட்ட நாயைத் திட்டாமல் துடைத்துவிடும் வீட்டில் வளரும் பிள்ளை நாளை தன் தாத்தாவிடம் முகம் சுளிக்காது என்று நான் நம்புகிறேன். பல வீடுகளில் அப்படி நடந்ததைப் பார்த்தும் இருக்கிறேன்.

அதே நேரம் பரிதாபம் எல்லை மீறவும் கூடாது. எழ முயலும் நாயை ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறோம். நாலு நாளில் அது முயல்வதையே விட்டுவிடும், இருக்கிற தசையும் கரையும். பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு முறை முயலட்டும். முடியாதபோது கை கொடுங்கள். அந்தச் சில நொடி சும்மா நிற்பது மனசுக்குக் கஷ்டமான காரியம்தான்.

ஊசி போட மனம் வராமல், வைத்திருக்கவும் முடியாமல் சிலர் வயதான நாயை ஊருக்கு வெளியே, கடற்கரைச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும் என்று தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். பிழைக்காது. பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கண் தெரியாத, கால் வராத நாய்க்குத் தன் வீட்டு வாசனையைத் தவிர உலகில் வேறு பிடிமானம் கிடையாது. அதையும் பறிப்பதைவிட மருத்துவர் கையால் அமைதியாக முடிவது எவ்வளவோ மேல்.

ஆமாம், ஊசியை நான் எதிர்க்கவில்லை. அதற்கும் நேரம் வரலாம். மருந்துக்கு அடங்காத வலி, மூச்சுத் திணறல், ஆறாத புண்கள், சாப்பாட்டையும் மனிதரையும் முழுதாக மறுப்பது, இரவு பகல் தெரியாமல் மூலையில் முட்டிக்கொண்டு கதறுவது என்று நாட்கள் போனால் பிடித்துவைக்காதீர்கள். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் தினமும் ஒரு குறி போடுங்கள். சாப்பிட்டது, வாலாட்டியது, எதையாவது முகர்ந்து பார்த்தது என்றால் நல்ல நாள். கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போவது அந்தத் தாளில் தெரியும். உறவினர் பேச்சோ உங்கள் மகளின் அழுகையோ அதை முடிவு செய்யக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து, ஆழ்ந்து தூங்கிய பிறகுதான் மருத்துவர் இறுதி ஊசி போடுவார். வீட்டுக்கே வந்து போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மகள் கூட இருக்க விரும்பினால் இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மணி அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. வாசலில் யார் வந்தாலும் குரைக்கிறது, மகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். மருத்துவமனையில் பயத்தில் நாய் வழக்கம்போல நடக்காது, அதனால் வீட்டில் நடப்பதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்: பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, படுத்த இடத்திலிருந்து எழுவது ஒன்று. ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதையும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். வயதாகிவிட்டது என்று அதை நிறுத்தக் கூடாது. அறிக்கை வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.